ஸ்பானிஷ் பழக ஓர் அஞ்சல் அட்டை: படமும் தாமதமும் செய்யும் வேலை

இரண்டு நண்பர்கள், மாறி மாறி அட்டைகள். ஒரு பக்கம் கையால் வரைந்த படம், மறுபக்கம் நாலைந்து வரி ஸ்பானிஷ். பொழுதுபோக்கு போலத் தெரியும் இந்தப் பழக்கத்தில் மொழி உண்மையிலேயே மனதில் ஒட்டுகிறது. வரையும் கைக்கும் மெதுவாகப் போகும் தபாலுக்கும் அதில் பங்கு உண்டு.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வேம்ஸ், மீட், ஃபெர்னாண்டஸ் மூவரும் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், சில சொற்களை வரையவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். சொல்லுக்கு 40 நொடி. பிறகு நினைவிலிருந்து கேட்டபோது வரைந்த சொற்களே அதிகம் வந்தன. படம் கோணல்மாணலாக இருந்தாலும் பலன் போகவில்லை. ஆனால் அவை ஏற்கெனவே தெரிந்த மொழியின் சொற்கள். ஸ்பானிஷுக்கு இது பலிக்க, வரையும்போதே அந்தச் சொல் வாயில் ஓட வேண்டும். அழகாக வரைந்து முடித்துவிட்டு அகராதியைப் பார்த்துப் பெயர் எழுதினால் அது வெறும் ஓவியப் பயிற்சிதான்.

ஆகவே அகராதியை மூடிவிட்டு வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். ‘யோவியா குவாந்தோ சலிமோஸ் தே லா எஸ்தாசியோன்’: நாங்கள் ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பியபோது மழை பெய்துகொண்டிருந்தது. மழை பின்னணி, கிளம்பியது நிகழ்ச்சி. ஸ்பானிஷ் இரண்டுக்கும் தனித்தனி இறந்தகால வடிவம் வைத்திருக்கிறது. கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முதலில் மழையை வெளிறிய வண்ணத்தில் ‘யோவியா’ என்று சொல்லிக்கொண்டே அட்டை முழுக்கப் பூசுங்கள். காய்ந்ததும், கிளம்பும் ஆட்களைப் பேனாவால் ‘சலிமோஸ்’ என்றபடி வரையுங்கள். எது பின்னணி என்று கையே முடிவுசெய்ய வேண்டியிருப்பதால் இலக்கணமும் கூடவே முடிவாகிவிடுகிறது.

குடைக்குச் சொல் தெரியவில்லையா? வரியின் நடுவிலேயே சின்னக் குடை ஒன்று போட்டுவிடுங்கள். நண்பர் பதிலில் ‘எல் பராகுவாஸ்’ என்று எழுதுவார். தேடித் தவித்த பிறகு கிடைக்கும் சொல் தங்கும்.

இனி தபால். உளவியல் ஆய்வாளர் செபெடாவும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததை ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து நினைவுகூர, இடையில் ஒருமுறை மறுபடி படிப்பதற்கு ஏற்ற இடைவெளி சுமார் 3 வாரம் என்று தெரிந்தது. வெளிநாட்டுக்கு அட்டை போய்ப் பதில் வர அவ்வளவோ அதற்கு மேலோ ஆகிவிடும். ஆனால் இடைவெளி மட்டும் போதாது. அனுப்பும் முன் அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பதில் வந்ததும் போட்டோவைத் திறக்காமல், அன்று எழுதியதை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறம் போட்டோ, தாள், பதில் அட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதைத் தவிர்த்தால் பாதிப் பலன் போச்சு.

அட்டைக்கு ஏ6 அளவு (14.8 × 10.5 செ.மீ.), 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் சரி. மெல்லிய தாள் தபால் பிரிக்கும் இயந்திரத்தில் மடங்கலாம். வலது பாதி முகவரிக்குப் போக, சாதாரணக் கையெழுத்தில் 40 சொல் பிடிக்கும். கற்பவருக்கு அது தாராளம். பல ஜெல் பேனா மைகள் மழையில் கரையும், பால்பாயிண்ட் தாங்கும். மெழுகு க்ரேயான் மேல் பேனா சரியாக எழுதாது. அடியில் 1.5 செ.மீ. வெற்றிடம் விடுங்கள், சில நாடுகளில் அங்கே பார்கோடு அச்சாகும். நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், இங்கே தபாலைப் பிரிப்பவருக்கு அதுதான் தேவை.

தமிழருக்கு ஓர் இலவசம்: ‘மே குஸ்தா எல் கஃபே’ அமைப்பில் அப்படியே ‘எனக்குக் காபி பிடிக்கும்’. மாம்பழங்கள் என்றால் ‘மே குஸ்தான்’ ஆகும். நம் ‘பிடிக்கும்’ மாறாததால் அந்த ‘ன்’ அடிக்கடி விட்டுப்போகும்.

திருத்தும்போது சிவப்பு மையால் அட்டையை நிரப்ப வேண்டாம். ஒரு முறைக்கு ஒரே வகைப் பிழை. மற்றவற்றைச் சரியான வடிவத்தில் தன் பதிலிலேயே நண்பர் பயன்படுத்தினால் போதும். இருவரும் ஒரே நிலைக் கற்பவர்கள் என்றால் இருவருக்கும் ஒரே பிழை ஊறிப்போகும், யாருக்கும் தெரியாது. அப்போது அவ்வப்போது போட்டோக்களை ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.