உட்பொதி எஸ்கியூஎல்: ஒரே நிரலில் இரண்டு மொழிகள்

சி மொழியில் எழுதிய ஒரு நிரலைப் படித்துக்கொண்டே வருகிறீர்கள். நடுவில் திடீரென்று இப்படி நாலு வரி வருகிறது:

எக்செக் எஸ்கியூஎல்
செலக்ட் இருப்பு இன்டு :மீதி
ஃப்ரம் கணக்குகள்
வேர் கணக்கு_எண் = :எண்;

இது சி அல்ல, தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல் என்ற மொழி. சி மொழியின் நிரல்பெயர்ப்பியிடம், அதாவது கம்பைலரிடம், இதை அப்படியே கொடுத்தால் முதல் சொல்லிலேயே பிழை என்று நிறுத்திவிடும். ஆனால் இப்படி எழுதிய நிரல்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வங்கி, காப்பீடு என்று பெரிய கணக்குகள் புழங்கும் இடங்களில், கோபோல் மொழிக்குள் இதே போன்ற வரிகளை வைத்து எழுதியவை ஏராளம். இந்த முறையின் பெயர்தான் எம்பெடெட் எஸ்கியூஎல். தமிழில் இதற்கு உட்பொதி எஸ்கியூஎல் என்று சொல்லலாம். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

முதலில் எஸ்கியூஎல். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தரவுகளை அட்டவணை உறவுகளாகப் பார்க்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அதற்கேற்ற மொழியை டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வடிவமைத்து 1974இல் அறிவித்தார்கள். அப்போது அதன் பெயர் சீக்வல். 'கட்டமைந்த ஆங்கில வினவல் மொழி' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. சீக்வல் என்பது பிரிட்டனைச் சேர்ந்த ஹாக்கர் சிட்லி என்ற விமான நிறுவனத்தின் வணிகப்பெயராக ஏற்கெனவே இருந்ததால் எஸ்கியூஎல் என்று சுருக்கிக்கொண்டார்கள். இன்றும் பலர் பேச்சில் சீக்வல் என்றே சொல்வது அந்தப் பழைய பெயரின் மிச்சம்.

சான் ஹோசேயில் ஐபிஎம் நடத்திய சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் திட்டத்தில்தான் இந்த மொழி உருப்பெற்றது. அங்கே எடுத்த ஒரு முடிவுதான் நம் சொல்லுக்கு வேர். முனையத்தில் உட்கார்ந்து தரவைக் கேட்பவருக்கு ஒரு மொழி, நிரல் எழுதுபவருக்கு வேறொரு மொழி என்று இரண்டாகப் பிரிக்காமல், அதே எஸ்கியூஎல்லை பிஎல்ஒன், கோபோல் நிரல்களுக்குள்ளும் வைக்கலாம் என்றார்கள். முனையத்தில் சோதித்துப் பார்த்த வினவலைக் கிட்டத்தட்ட அப்படியே தூக்கி நிரலில் வைத்துக்கொள்ளலாம். எஸ்கியூஎல் இவ்வளவு தூரம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். மொழிக்கு 1986இல் அமெரிக்கத் தரநிலையும் அடுத்த ஆண்டு உலகத் தரநிலையும் வந்தன. உட்பொதிக்கும் முறைக்கென்று 1989இல் தனியாக ஓர் அமெரிக்கத் தரநிலை வந்தது.

இப்போது எம்பெட் என்ற சொல்லுக்கு வருவோம். 'உள்ளே' என்ற பொருள் தரும் முன்னொட்டும் பெட் என்ற படுக்கையும் சேர்ந்த சொல் இது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலவியல் எழுத்துகளில், பாறைப் படுகைக்குள் கிடக்கும் புதைபடிவங்களைப் பற்றிப் பேசும்போது புழக்கத்துக்கு வந்தது. பாறைக்குள் ஒரு சிப்பி கிடக்கிறது. சுற்றிலும் பாறை, ஆனாலும் சிப்பி சிப்பியாகவே தெரிகிறது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே உள்ள நாலு வரியைப் பாருங்கள். சுற்றிலும் சி, நடுவில் எஸ்கியூஎல். ஒன்று மற்றொன்றாகக் கரைந்துவிடவில்லை.

தமிழில் இதற்கு எந்த வினை? பதித்தல் உடனே நினைவுக்கு வரும். கல் பதித்த தோடு என்கிறோம், படம் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். தரவுத்தளத்தில் பதிவு என்ற சொல் ஏற்கெனவே ரெக்கார்டுக்குப் போய்விட்டது. 'பதித்த எஸ்கியூஎல்' என்றால் எங்கோ பதிவு செய்து வைத்த கட்டளை என்றுதான் காதில் விழும். செருகுதலும் ஆகாது. இன்சர்ட் என்ற எஸ்கியூஎல் கட்டளைக்குத் தமிழில் இயல்பாக வருவது அதுதான். ஒரே துறைக்குள் ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் படிக்கிற மாணவர்தான் தடுமாறுவார்.

மிஞ்சுவது பொதிதல். வெறுமனே மிஞ்சியது என்று சொல்வதுகூட அந்தச் சொல்லுக்குச் செய்கிற குறை. பொதிமாடு, பொதிசோறு, பொருள் பொதிந்த பேச்சு என்று தமிழில் அதற்கு நல்ல புழக்கம் உண்டு. பொதிசோற்றில் இலை இலையாகவும் சோறு சோறாகவும் இருக்கின்றன. வழியில் கெடாமல் போய்ச் சேர்ந்து, சாப்பிடும் இடத்தில் பிரிக்கப்படுகிறது. பொதிதலிலேயே உள்ளே என்ற பொருள் இருக்கும்போது 'உள்' எதற்கு என்று கேட்கலாம். பொதி என்று மட்டும் எழுதினால் மூட்டையும் சுமையும்தான் முன்னால் வந்து நிற்கும். உட்பொதி என்று சேர்த்ததும் கலைச்சொல்லாகத் தனித்துத் தெரிகிறது. எனவே அந்த 'உள்' இருக்கட்டும்.

பிரிக்கப்படுவது என்றேன் அல்லவா? உட்பொதி எஸ்கியூஎல்லின் உயிர்நிலையே அதுதான். நிரலை நேராக நிரல்பெயர்ப்பியிடம் கொடுப்பதில்லை. அதற்கு முன்னால் முன்தொகுப்பி என்று ஒன்று ஓடுகிறது. எக்செக் எஸ்கியூஎல் என்ற இரண்டு சொற்கள்தான் பொதியின் தொடக்கம். சி மொழியில் அரைப்புள்ளியும் கோபோலில் எண்ட் எக்செக் என்ற சொல்லும் பொதியின் முடிச்சு. முன்தொகுப்பி இந்த இரண்டு அடையாளங்களுக்கு நடுவே உள்ளதை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாதாரணச் செயற்கூற்று அழைப்புகளை வைக்கிறது. இப்போது நிரல்பெயர்ப்பிக்குத் தெரியாத சொல் எதுவும் நிரலில் இல்லை. ஆரக்கிளின் புரோ சி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு வரும் ஈசிபிஜி எல்லாம் இந்த வேலையைச் செய்பவைதான்.

ஐபிஎம்மின் டிபி2 என்ற தரவுத்தளத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். எடுத்த எஸ்கியூஎல் ஒரு தனிக் கோப்பாகித் தரவுத்தளத்தின் பக்கம் போகிறது. அங்கே பைண்ட் என்ற வேலையில், எந்த இன்டெக்ஸைப் பயன்படுத்தி எந்த வழியாகத் தரவை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவாகிறது. மீதி நிரல் தன் வழியில் இயங்கு நிரலாகிறது. இரண்டும் ஒரே பொதியிலிருந்து பிரிந்தவை என்பதற்கு இரண்டிலும் ஒரே முத்திரை இருக்கும்.

என் முதல் வேலையில் இதை நன்றாகப் புரிந்துகொண்டேன். கோபோல் நிரல் ஒன்றைத் திருத்தி மறுபடி உருவாக்கினேன், பைண்ட் செய்ய மறந்துவிட்டேன். இரவு ஓட்டத்தில் நிரல் -818 என்ற பிழை எண்ணோடு நின்றது. முத்திரைகள் ஒத்துப்போகவில்லை என்பதுதான் அதன் பொருள். திருத்தியது ஒரே ஒரு வரி, அதுவும் எஸ்கியூஎல்லில் இல்லை, அப்புறம் ஏன் என்று விடியும் வரை புரியவில்லை. முன்தொகுப்பி ஓடும்போதெல்லாம் புது முத்திரை விழும் என்பதை மூத்த அக்கா ஒருவர் காலையில் தாளில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு பாதிகளாகப் பிரியும் அந்தப் படம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, பொதி உள்ளே இருக்கிறது. சுமக்கிற மொழிக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் ஹோஸ்ட் லாங்குவேஜ் என்கிறார்கள். விருந்தினரை ஏற்று உபசரிப்பவர் என்ற பொருள். இங்கே நம்மிடம் ஒரு அழகான முன்மாதிரி உண்டு. ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிரை உயிரியல் பாடநூல்கள் ஓம்புயிரி என்கின்றன. அதே வழியில் ஓம்புமொழி என்று சொல்லலாம். முன்னே முக்காற்புள்ளி போட்டு எழுதிய மீதி, எண் இரண்டும் ஓம்புமாறிகள். அவை சி நிரலுக்குச் சொந்தமானவை, எஸ்கியூஎல்லுக்குள் வந்து போகின்றன. அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் எண் என்பது அட்டவணையின் நெடுவரிசையா நிரலின் மாறியா என்று தெரியாது.

ஓம்புமாறியால் இன்னொரு நன்மையும் உண்டு. கட்டளை வேறு, அதில் வந்து சேரும் மதிப்பு வேறு என்று தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகிறது. யாராவது கணக்கு எண்ணுக்குப் பதிலாக எஸ்கியூஎல் துண்டு ஒன்றைத் தட்டச்சு செய்தாலும் அது வெறும் மதிப்பாகவே பார்க்கப்படும், கட்டளை மாறாது. எழுத்துச் சரங்களை ஒட்டி ஒட்டி வினவலை உருவாக்குகிற இடங்களில்தான் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் எனப்படும் அந்தத் தாக்குதல் பலிக்கிறது. இயங்கும்போது கட்டளையை உருவாக்கும் டைனமிக் எஸ்கியூஎல்லிலும் அப்படி ஒட்டினால் அதே ஆபத்துதான்.

கர்சர் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். எஸ்கியூஎல் ஒரே மூச்சில் ஆயிரம் வரிசைகளைத் திருப்பித் தரும். சியும் கோபோலும் ஒவ்வொன்றாகத்தான் கையாளும். இந்த இடைவெளியை நிரப்ப, விடைத் தொகுப்பின் மேல் ஒரு சுட்டியை வைத்துத் திறந்து, ஒவ்வொரு வரிசையாக எடுத்து, முடிந்ததும் மூடுகிறோம். ஓடுபவர் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அது. ஸ்லைடு ரூல் என்ற நகரும் அளவுகோலில் முன்னும் பின்னும் ஓடும் கண்ணாடித் துண்டுக்கும் அதே பெயர்தான். இடஞ்சுட்டி என்பது திரையில் மின்னும் கோட்டுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. வரிசைச்சுட்டி என்று எழுதுவதே நல்லது.

இனி எது உட்பொதி எஸ்கியூஎல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பைதானிலோ ஜாவாவிலோ மேற்கோள்குறிக்குள் வினவலை எழுதி அனுப்புவதையும் சிலர் இப்படி அழைக்கிறார்கள். அங்கே வினவல் வெறும் எழுத்துச் சரம். மொழி அதைத் திறந்து பார்ப்பதில்லை, ஓர் எழுத்து பிசகினாலும் ஓடும்போதுதான் தெரியும். உட்பொதி முறையில் பல பிழைகளை முன்தொகுப்பியே பிடித்துவிடும். அதே போல எஸ்கியூலைட்டை உட்பொதி தரவுத்தளம் என்பதும் வேறு செய்தி. அங்கே செயலிக்குள் உட்கார்ந்திருப்பது தரவுத்தள இயந்திரமே.

கடைசியாக, எஸ்கியூஎல்லையும் தமிழாக்கி 'உட்பொதி வினவல்' என்று எழுதலாமா? வினவல் என்பது கேட்பது மட்டும். இந்த மொழி சேர்க்கும், திருத்தும், அழிக்கும், அட்டவணையே உருவாக்கும். சொந்தப் பெயரைப் பெயராகவே விட்டுவிட்டு, உட்பொதி எஸ்கியூஎல், ஓம்புமொழி, ஓம்புமாறி, முன்தொகுப்பி, வரிசைச்சுட்டி என்று நான் எழுதிவருகிறேன்.