வீடு வாங்கும்போது பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்? முன்னாடியே கணக்கு போட்டுக்கோங்க

வீட்டு விலைக்கு மட்டும் பணம் புரட்டிட்டு பத்திரச் செலவை கடைசி வாரத்துல யோசிக்கிறவங்க ரொம்ப பேர் இருக்காங்க, அதனால நேரா தொகைக்கே வந்துடுறேன். தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை, அதாவது ஸ்டாம்ப் டூட்டி 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி பதிவுக் கட்டணம் 4 சதவீதமா இருந்துச்சு, அந்த ஞாபகத்துல இன்னும் 11னு சொல்றவங்க உண்டு.

எந்தத் தொகைக்கு 9 சதவீதம்ங்கறதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. ஒவ்வொரு தெருவுக்கும் சர்வே நம்பருக்கும் அரசு ஒரு கைடுலைன் வேல்யூ, அதாவது வழிகாட்டி மதிப்பு வச்சிருக்கு, பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல யார் வேணா பாத்துக்கலாம். நீங்க பேசின விலை, கைடுலைன் மதிப்பு, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் டூட்டி. 1,200 சதுர அடி மனை, கைடுலைன் சதுர அடிக்கு 2,500னு வைங்க, 30 லட்சம் வருது. நீங்க 40 லட்சத்துக்கு பேசியிருந்தா கட்ட வேண்டியது 3,60,000, அதே மனை 26 லட்சத்துக்கே கிடைச்சாலும் 30 லட்சத்துக்குத்தான் போடுவாங்க, 2,70,000 ஆகும். மனையில வீடும் இருந்தா கட்டட மதிப்பும் சேரும்.

பத்திரத்துல கைடுலைன் மதிப்பு மட்டும் காட்டிக்கலாம், மீதியை ரொக்கமா கொடுங்கன்னு விக்கிறவங்க கேப்பாங்க, தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், நாளைக்கு நீங்க விக்கும்போது பத்திரத்துல இருக்கற குறைஞ்ச தொகைதான் உங்க வாங்கின விலைன்னு ஆகி, லாபம் பெருசா தெரிஞ்சு வருமான வரி உங்க தலையில விழும்.

புது அப்பார்ட்மெண்ட்னா கணக்கு வேற. 2023 டிசம்பர்ல இருந்து பில்டர்கிட்ட முதல் தடவையா வாங்கற ஃபிளாட்டுக்கு யூடிஎஸ் (மனையில உங்களுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு), கட்டடம் எல்லாம் சேத்து ஒரே பத்திரம், 50 லட்சம் வரைக்கும் டூட்டி 4 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 5, அதையும் தாண்டினா 7, இதோட பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. அதே ஃபிளாட்டை அடுத்தவங்ககிட்ட மறுவிற்பனையில வாங்கினா பழையபடி 9தான்.

இந்தப் பணத்தை பேங்க் கொடுக்கும்னு நம்பாதீங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி ஹோம் லோனுக்கு வீட்டு விலையை கணக்கு போடும்போது ஸ்டாம்ப் டூட்டி, பதிவுக் கட்டணத்தை சேக்கக்கூடாது, 10 லட்சத்துக்குள்ள இருக்கற வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால முன்பணத்தோட இந்தப் பத்திரச் செலவும் உங்க சொந்தக் காசா கையில இருக்கணும்.

பெண்கள் பேர்ல பதிஞ்சா, சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருந்தா, 2025 ஏப்ரல் 1ல இருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும். அப்பா பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கற மாதிரி குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்னா டூட்டி 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000, எவ்வளவு பெரிய சொத்தா இருந்தாலும் அவ்வளவுதான்.

விலை 50 லட்சம், அதுக்கு மேலன்னா 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விக்கிறவரோட வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கற தொகை, பிடிக்கணும், ஆனா அது கூடுதல் செலவு இல்ல, விக்கிறவருக்கு தர வேண்டிய தொகையில கழிச்சு நீங்க அவர் பேர்ல கட்டறது.