பாத்திரமேற்பு: ‘ரோல் ப்ளே’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

பாலினப் பன்மை பற்றி ஆசிரியர்களுக்கும் காவலர்களுக்கும் செவிலியர்களுக்கும் நடக்கும் பயிலரங்குகளில் ‘ரோல் ப்ளே’ என்றொரு பகுதி வந்துவிடுகிறது. தமிழில் அதை ‘பாத்திரமேற்று நடித்தல்’, ‘பங்கேற்று நடித்தல்’, ‘நடித்துக் காட்டுதல்’, ‘வேடமிடுதல்’ என்று ஆளுக்கொரு பெயரால் சொல்கிறார்கள். எதைச் சொன்னால் என்ன, பொருள் விளங்கினால் போதாதா என்று விட்டுவிடலாம்தான். ஆனால் திருநரின் (திருநங்கை, திருநம்பி முதலானோரின்) வாழ்க்கையைப் பிறருக்குப் புரியவைக்கிற இடத்தில் இந்த நான்கில் ஒரு சொல் அவர்களைக் குத்தும். அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் பொருள். ஒருவர் தாம் அல்லாத இன்னொருவரின் நிலையை எடுத்துக்கொண்டு, எழுதி வைத்த வசனம் இல்லாமல், குறிப்பிட்ட ஒரு சூழலில் அவர் எப்படிப் பேசுவார், என்ன செய்வார் என்று செய்து பார்ப்பது. செய்து முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவது. இரண்டும் சேர்ந்ததுதான் ரோல் ப்ளே. பேச்சை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் ஓரங்க நாடகம்.

‘ரோல்’ பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீனில் சுருளைக் குறிக்கும் ‘ரோட்டுலுஸ்’. அந்தக் காலத்து ஐரோப்பிய நடிகர் கையில் முழு நாடகமும் இருக்காது. அவர் பேச வேண்டியதை மட்டும் எழுதிய சுருளைத்தான் கொடுப்பார்கள். அந்தச் சுருளின் பெயரே அவர் தாங்கும் பாத்திரத்துக்கும் பெயராகிவிட்டது. நம் ஸ்பெஷல் நாடக மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று வழங்கும் ‘பார்ட்’டும் நடிகருக்கு உரிய பங்கைச் சொல்வதுதான்.

மேடையிலிருந்த இந்தச் சொல்லை மனநல மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜேக்கப் மொரேனோ. 1889-இல் புக்கரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர். 1920-களின் தொடக்கத்தில் அங்கே வசனம் எழுதாத, அந்தந்த நேரத்தில் தோன்றியதை நடிக்கிற நாடக அரங்கு ஒன்றை நடத்தினார். 1925-இல் அமெரிக்கா போனபின் அதைச் சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தார். ‘சைக்கோட்ராமா’, அதாவது உளநாடகம், அவர் வழிவந்தது. அதில் ஒரு கட்டம் உண்டு: மகனாக நடித்தவர் எழுந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார வேண்டும், அப்பாவாக நடித்தவர் மகனாக வேண்டும். சற்றுமுன் தான் சொன்ன சொல்லையே எதிரிலிருந்து கேட்க வேண்டும். பாலின அடையாளம் பற்றிய பயிற்சிகளில் பயன்படுவது பெரும்பாலும் இந்த இடமாற்றம்தான்.

இன்னொரு கிளை தென்னமெரிக்காவில் முளைத்தது. பிரேசில் நாட்டு நாடகக்காரரான அகஸ்டோ போல் (Augusto Boal) 1970-களில் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோருக்கான அரங்கில் ஒரு சிக்கலை நடித்துக் காட்டுவார்கள். அது கெட்டதாகவே முடியும். பிறகு அதே காட்சியைத் திரும்பத் தொடங்குவார்கள். பார்வையாளர் யாராவது “நிறுத்து” என்று சொல்லி, ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் தாமே வந்து நின்று, வேறு விதமாக முயன்று பார்க்கலாம். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்று இதை நடத்துகிறவருக்கு அவர் வைத்த பெயர் ‘ஜோக்கர்’. நமக்கு இவர் அந்நியர் அல்ல. தெருக்கூத்தில் கதைக்குள்ளும் வெளியேயும் போய்வந்து கூட்டத்தோடு பேசுகிற கட்டியங்காரனை அறிந்தவர்களுக்கு இந்த ஆளை உடனே தெரியும்.

இனித் தமிழ்ச் சொல். ‘வேடமிடுதல்’ ஏன் கூடாது?

வேடம், வேஷம், கோலம் எல்லாம் புறத்தோற்றத்தைப் பேசும் சொற்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று பேடி. ‘ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்து’க் காமன் ஆடியது அது என்கிறார் இளங்கோ. கோலம் என்ற சொல் அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் காமன் ஆடி முடித்ததும் காமனாகிவிடுவான். கூத்துக் கலைஞர் ‘வேஷம் கட்டுகிறேன்’ என்று சொல்லும்போதும் அதில் தொழிலின் பெருமை இருக்கிறது. ஆனால் தெருவில் அதே சொல்லுக்கு வேறு முகம். “வேஷம் போட்டு ஏமாத்துறான்” என்பது திருநங்கைகள் பேருந்திலும் கடைவீதியிலும் கேட்டுக் கேட்டு வெந்துபோன வாக்கியம். ஒருவர் தம் உயிரின் உண்மையென்று சொல்வதை ‘வேஷம்’ என்று மறுத்த அதே சொல்லை, அந்த உண்மையைப் புரிந்துகொள்ள நடத்தும் பயிற்சிக்குப் பெயராக வைப்பது கொடுமை. அப்படிப் பெயர் வைத்தால் பயிற்சியும் வழிதவறுகிறது. ஆண்களுக்குப் புடவை கட்டிவிட்டு, பொட்டு வைத்து, கைதட்டச் சொல்லி, அறையே சிரிக்கிற ஒரு நிகழ்ச்சியாகப் போய்முடிகிறது. அதில் யாரும் எதையும் புரிந்துகொள்வதில்லை.

‘பங்கேற்று நடித்தல்’ தீங்கற்றது, ஆனால் ‘பங்கேற்பு’ கலந்துகொள்வதற்கு நிலைத்துவிட்டதால் குழப்பம் தரும். ‘நடித்துக் காட்டுதல்’ பார்க்கிறவர்களுக்காகச் செய்வது. ரோல் ப்ளே செய்கிறவருக்கே உரியது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘ரோல்’ என்பதற்கு ‘வகிபாகம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. சமூகத்தில் ஒருவர் வகிக்கும் பங்கைச் சொல்ல அதைவிடப் பொருத்தமானது இல்லை. நான் தேர்ந்துகொள்வது ‘பாத்திரமேற்பு’. பாத்திரம் வடசொல்தான், கலம் என்று பொருள். நடிகரை, இன்னொருவரின் வாழ்வைச் சற்றுநேரம் ஏந்துகிற கலமாகப் பார்த்த சொல் அது. ‘ஏற்பு’ என்பதில் ஒப்புக்கொள்ளுதலும் பொறுப்பும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு வாங்கும் இடம். ஒருவர் சீட்டு எழுதும் ஊழியர், நான்கைந்து பேர் வரிசை, ஒருவர் திருநங்கை. அவருடைய ஆதாரில் பழைய பெயர். ஊழியர் “செல்வம்! யாருப்பா செல்வம்?” என்று கூவுகிறார். புடவை கட்டியவர் எழுந்து வருகிறார் என்பது கதை. நடிக்கிறவருக்குப் புடவை தேவையில்லை, தோற்றத்தைக் காட்டவும் வேண்டாம். வரிசையில் நிற்பவர்களின் தலை திரும்புவதே போதும். நடத்துகிறவர் அங்கே நிறுத்திவிட்டு, எழுந்து வந்தவரிடம் கேட்கிறார்: இப்போது உங்களுக்கு எங்கே போகத் தோன்றுகிறது? வந்த வழியே வெளியே போய்விடத் தோன்றுகிறது என்பார். காய்ச்சலோடு வந்தவர் மருந்து வாங்காமல் திரும்புவது எப்படி நடக்கிறது என்பது செவிலியர்களுக்கு அந்த நொடியில் பிடிபடும். அடுத்து ஊழியராக நடித்தவரை வரிசையில் நிற்கவைத்து, இடம் மாற்றித் தொடங்குவார்கள். பெயரைக் கூவாமல் டோக்கன் எண்ணைச் சொல்லலாமே என்ற யோசனை பெரும்பாலும் வரிசையிலிருந்துதான் வரும்.

ஆக, இந்தப் பயிற்சியில் ஏற்க வேண்டியது திருநரின் அடையாளத்தை அல்ல. அவரைச் சுற்றி நிற்கிறவர்களின் இடங்களை: ஊழியர், வீட்டு உரிமையாளர், தலைமையாசிரியர், அம்மா, பக்கத்து இருக்கைக்காரர். திருநரின் இடத்தில் நிற்க வேண்டிவந்தால் அவருக்கு நேர்வதை மட்டும் ஏற்கலாம்.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு தனி நுட்பம் இருக்கிறது. ஆங்கிலப் பயிற்சி ஏடுகள் ‘ஹீ’, ‘ஷீ’ போன்ற படர்க்கைப் பெயர்களைச் சுற்றிக் காட்சிகளை அமைப்பதுண்டு. நமக்கு ‘நான்’, ‘நீ’, ‘நீங்கள்’ எதிலும் பால் இல்லை. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று பால் காட்டும் படர்க்கையிலும் ‘அவர் வந்தார்’ என்று மரியாதையோடு தப்பிக்க வழி இருக்கிறது. எதிரெதிரே பேசும்போது எல்லாம் விளியில்தான் வெளிப்படும்: என்னப்பா, என்னம்மா, சார், அக்கா, தம்பி, டா, டி. ‘அக்கா’ என்ற ஒரு சொல் ஒரு திருநங்கைக்கு எவ்வளவு, ‘டா’ என்ற ஓரெழுத்து எவ்வளவு என்பதைக் காட்சியில் உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கில ஏட்டை அப்படியே பெயர்த்தால் இது கைநழுவிப் போகும். விளியை வைத்தே காட்சி எழுதுங்கள்.

திருநர் தாமே தம் கதையை மேடையேற்றுவது இதிலிருந்து வேறானது. அ. மங்கையின் இயக்கத்தில் நாடகம் நிகழ்த்திய கண்ணாடிக் கலைக்குழு, சென்னையில் தொடங்கிய பன்மை போன்ற குழுக்கள் செய்தது நாடகக் கலை. அதைப் பாத்திரமேற்பு என்று அழைப்பது தவறு.

2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரே பாலின இணையர் ஒருவரின் வழக்கை விசாரிக்கையில், இத்தகைய உறவுகள் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் முதலில் தாம் கற்றுக்கொண்டார். பிறகு காவல்துறை, நீதித்துறை, கல்வி நிலையங்கள் போன்ற இடங்களில் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்த வழிகாட்டுதல்கள் தந்தார். இத்தகைய பயிற்சிகளில்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

முடிவில் செய்ய வேண்டிய ஒன்றுக்குக் கூத்திலேயே பெயர் இருக்கிறது. விடிந்ததும் கலைஞர்கள் ‘வேஷம் கலைப்பார்கள்’. பாத்திரமேற்பிலும் கடுமையான ஊழியராக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அவர் தம் சொந்தப் பெயரைச் சொல்லி, இருந்த இடத்தைவிட்டு நகர்ந்து வேறு நாற்காலியில் உட்கார வேண்டும். இதைப் ‘பாத்திரம் களைதல்’ எனலாம். அதன்பின் வட்டமாக உட்கார்ந்து, காட்சி தம் வாழ்வில் எதை நினைவூட்டியது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். அறிவுரைக்கும் தீர்ப்புக்கும் மொரேனோ வழியினர் அங்கே இடம் தருவதில்லை.

வழக்கு: பெயர் ‘பாத்திரமேற்பு’, வினை ‘பாத்திரமேற்றார்’, ‘பாத்திரமேற்கச் சொன்னார்’. செய்கிறவர் ‘பாத்திரமேற்பவர்’. மொரேனோவின் இடமாற்ற உத்திக்கு ‘பாத்திர இடமாற்றம்’.