புழங்காக் காசும் புழக்கத்தில் இல்லாத காசும்

‘விக்டோரியா ராணி பென்னி, 1891, புழக்கத்தில் இல்லாத நாணயம், அரிது.’ பழைய பிரிட்டிஷ் காசுகளை விற்கும் தமிழ்ப் பதிவுகளிலும் காணொளிகளிலும் இந்த வகை வரி ஓயாமல் வருகிறது. எழுதுபவர் மனத்தில் இருப்பது ‘அன்சர்குலேட்டட்’ என்ற ஏலச் சொல். படிப்பவர் புரிந்துகொள்வது ‘இப்போது செல்லாத காசு’ என்று. இரண்டும் வேறு வேறு. முதலாவது காசின் நிலையைச் சொல்கிறது, இரண்டாவது அரசாணையைச் சொல்கிறது. இந்தக் குழப்பத்துக்குக் காசு வாங்குபவர் கைப்பணத்தைக் கொடுக்கிறார்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றுமில்லை. ‘சர்குலஸ்’ என்றால் லத்தீனில் வளையம், சிறு வட்டம். அதிலிருந்து சுற்றிவருதல், பிறகு கைக்குக் கை மாறுதல், பிறகு பணப்புழக்கம். காசுத் தரத்தில் ‘அன்சர்குலேட்டட்’ என்றால் அச்சுச்சாலையை விட்டு வந்தபின் கைமாறித் தேயாத காசு. சுருக்கமாக யூஎன்சி என்பார்கள். லண்டன் ஏலப் பட்டியல்கள் இதையே ‘அடித்தபடியே’ என்ற பொருளிலும் எழுதுவதுண்டு.

‘புழக்கத்தில் இல்லாத’ என்பது ஏன் தவறு? பழைய பென்னி 1971 ஆகஸ்ட் 31-ஓடு செல்லாமல் போனது. அரை கிரவுன் அதற்கு முன்பே, 1969 முடிவில் போனது. ஆறு பென்ஸ் காசு 1980 ஜூன் வரை தாக்குப்பிடித்தது. ஆக, விக்டோரியா பென்னி எதை எடுத்தாலும் அது புழக்கத்தில் இல்லாததுதான். முகம் மழுங்கி ஆண்டு மட்டும் மங்கலாகத் தெரிகிற காசுக்கும் அந்த அடைமொழி பொருந்தும், அச்சு மெருகு முழுதாக நிற்கிற காசுக்கும் பொருந்தும். எல்லாக் காசுக்கும் பொருந்துகிற அடைமொழி தரத்தைக் குறிக்கவே முடியாது.

எதிர்ப்பக்கத்திலும் பாருங்கள். லண்டன் கியூ தோட்டத்துப் பகோடா பொறித்த 2009-ஆம் ஆண்டு ஐம்பது பென்ஸ் இன்றும் செல்லும். புழக்கத்துக்கு விட்டது 2,10,000 என்பதால் அதற்கு மவுசு. அதே காசை பிரிட்டிஷ் அச்சுச்சாலையான ராயல் மின்ட் அட்டையில் அடைத்தும் விற்றது. அட்டையில் இருப்பது புழங்காதது, சில்லறையோடு வந்தது புழங்கியது. இரண்டுமே புழக்கத்தில் உள்ள நாணயம். நம் ஊர் நகைக்கடைச் ‘சவரன்’ என்ற சொல்லுக்கு மூலமான தங்க சாவரினும் அப்படித்தான். சட்டப்படி இன்றும் அதன் மதிப்பு ஒரு பவுண்டு, ஆனால் அதைக் கொடுத்து யாரும் ரொட்டி வாங்குவதில்லை. புழக்கத்திலிருந்து விலக்கியது, புழக்கத்துக்கு விடவே விடாதது, புழக்கத்துக்கு வந்தும் கைபடாமல் தப்பியது என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தொடரில் அடைத்தால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

இதற்குப் போட்டியாக வருகிற ஆக்கங்களும் சரியில்லை. இலங்கை வழக்கில் பணப்புழக்கத்தைச் ‘சுற்றோட்டம்’ என்பார்கள். நல்ல சொல், அந்த இடத்துக்கு. ‘சுற்றோட்டத்திலில்லாத நாணயம்’ என்று நீட்டினால் அதே பழைய குழப்பம் புதுச் சட்டை போட்டு வருகிறது. ‘சுழற்சியற்ற நாணயம்’ என்பது அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுத்துப் போட்டது. காசு பம்பரமா சுழல? ‘புதுக்காசு’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது ஆண்டை நினைவூட்டுகிறது. 1860-இல் அடித்த பென்னியைப் புதுக்காசு என்றால் மறு அச்சோ என்று சந்தேகம் வரும்.

இன்னும் கெடுதலானது ‘பளபளப்பு நாணயம்’. பளபளப்பை வைத்துத் தரம் சொல்பவர்கள் ஃபார்திங் என்ற கால் பென்னிக் காசைப் பார்த்திருக்க மாட்டார்கள். வெண்கல ஃபார்திங்கும் தங்க அரை சாவரினும் ஏறக்குறைய ஒரே விட்டம். மின்னும் ஃபார்திங்கைத் தங்கமென்று தள்ளிவிடுகிறார்கள் என்று 1897 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அச்சுச்சாலையே அதற்குக் கருமை ஏற்றி வெளியிட்டது. 1944 முதல் 1946 வரையான பென்னிகளுக்கும் அப்படியே. யார் கையும் படாத, ஒரு முடியும் தேயாத கருப்புக் காசு இது. தெரியாதவர் இதைப் புளி போட்டுத் தேய்த்துப் ‘பளபளப்பு’ ஆக்கினால் யூஎன்சி காசு அந்த நிமிடமே கெட்டுப்போகிறது.

சரியான சொல் ‘புழங்காத காசு’. இறுக்கமாக வேண்டுமானால் ‘புழங்காக் காசு’. செல்லாக் காசு என்று நாம் காலங்காலமாகச் சொல்வதும் இதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். ‘புழங்கு’ என்ற வினை வீட்டில் அன்றாடம் இருப்பது. புழங்குகிற பாத்திரம் அடுப்படியில் கிடக்கும், புழங்காத பாத்திரம் சீராக வந்த நாளிலிருந்து பரணில் இருக்கும். காசுக்கு வேண்டிய பொருள் அப்படியே அதில் இருக்கிறது.

ஒரு மறுப்பு வரும்: எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது, எனவே ‘புழங்காத’ என்பது ‘இப்போது புழங்காத’ என்றும் பொருள்படலாமே என்று. இலக்கணப்படி உண்மை. ஆனால் உடுத்தாத சேலை என்றால் ஒருநாளும் உடுத்தாதது என்றுதான் கொள்கிறோம், பழைய சேலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எழுதாத நோட்டும் அப்படியே. பயன்பாட்டால் கெடுகிற பொருளோடு இந்த எச்சம் சேரும்போது ‘இன்னும் கைபடாத’ என்ற பொருள் தானாக முன்னுக்கு வருகிறது. ‘புழக்கத்தில் இல்லாத’ என்பதில் அது வராது. அங்கே ‘இல்லாத’ என்பது இன்றைய இருப்பை மட்டும் மறுக்கிறது.

புழங்காத காசு குறையில்லாத காசு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சுச்சாலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பையில் உரசியதால் கீறல் இருக்கும். அதைப் பைத்தழும்பு என்று சொல்லலாம். சேகரிப்பாளரின் மரப்பெட்டித் தட்டில் பல பத்தாண்டுகள் முன்னும் பின்னும் நகர்ந்ததால் உயர்ந்த இடங்களில் மெல்லிய உராய்வு இருக்கும், புழங்காமலே தேய்ந்த அபூர்வம். ஐந்தாம் ஜார்ஜ் பென்னியில் இன்னொரு பொறி உண்டு. ஆழமாக வெட்டிய அரசர் தலை உலோகத்தை இழுத்துக்கொண்டதால் மறுபக்கத்தில் பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா என்ற பெண் உருவின் மேல் தலையின் நிழல் விழுந்து உருவம் மங்கலாக அச்சாகும். 1926-இல் தலையைத் திருத்தியும் தீராமல் 1928-இல் தலையின் அளவைச் சுருக்கினார்கள். அந்த மங்கலைத் தேய்மானம் என்று எண்ணி நல்ல காசைக் கீழிறக்குபவர்கள் நிறைய.

வேறுபாடு காண வழி இருக்கிறது. ஒற்றை விளக்கின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். அச்சு அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிய நுண்கோடுகளில் ஒளி சக்கர ஆரம்போலச் சுற்றிவரும். மங்கிய இடத்தின் மேலும் அந்த ஒளி தடையில்லாமல் ஓடினால் அது அச்சுக் குறை. அரசரின் கன்னம், மீசை, காதுக்கு மேலுள்ள முடி, பிரிட்டானியாவின் மார்பு, முழங்கால் ஆகிய இடங்களில் ஒளி அறுந்து நிறம் மாறினால் அது புழங்கிய தேய்மானம். ஒளி சுற்றாமல் காசு முழுக்க ஒரே சீராக மின்னினால் யாரோ அமிலத்தில் முக்கியோ தேய்த்தோ கோடுகளை அழித்திருக்கிறார்கள்.

இந்த ஒரு சொல்லில் விலை எப்படி ஆடுகிறது என்பதற்கு பர்மிங்காமின் கிங்ஸ் நார்ட்டன் ஆலை அடித்த 1918, 1919 பென்னிகள் போதும். ஆண்டுக்கு இடப்பக்கம் கேஎன் என்று சிறிய எழுத்து இருக்கும். நன்றாகப் புழங்கியதால் தேய்ந்தவை கிடைக்கும், புழங்காதவை அரிது, விலை பல மடங்கு. 1951 பென்னி நேர்மாறு. அடித்ததே 1,20,000. பெரும்பகுதி பெர்முடாவுக்குப் போய், பிறகு வணிகர் கையால் திரும்பியது. அதனால் நல்ல நிலையிலேயே கிடைக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘அரிது’ என்று எழுதினால் இந்த இரண்டும் தலைகீழாகிவிடும். ஏலத்தில் 500 பவுண்டுக்குப் படிந்தால் கொடுப்பது 500 அல்ல. வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் என்றால் 100, அந்தக் கமிஷன் மேல் 20 சதவீத வாட் வரி 20, ஆக 620. இணையத் தளம் வழியாகக் கேட்டால் இன்னும் சில சதவீதம். தரச்சொல்லைத் தவறாகப் புரிந்து கேட்டவருக்கு நட்டமும் அதே விகிதத்தில் ஏறும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மற்ற தரங்களையும் விட்டுவைக்கவில்லை. ‘ஃபைன்’ என்றால் ‘நேர்த்தியான’ என்று எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் தரவரிசையில் ஃபைன் என்பது உருவத்தின் உயர்ந்த பகுதிகள் எல்லாம் தேய்ந்த காசு! ‘வெரி ஃபைன்’ ஓரளவு தேய்ந்தது. ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ முனைகளில் மட்டும் தேய்ந்தது, அதை ‘மிகமிக நேர்த்தி’ என்று விற்கிறார்கள். ஆங்கில வணிகர் பாராட்டுச் சொல்லில் தரத்தை மறைத்தார் என்பதற்காக நாமும் மறைக்க வேண்டியதில்லை. தேய்ந்தது, ஓரளவு தேய்ந்தது, முனை தேய்ந்தது, புழங்காதது என்று தேய்மானத்தாலேயே பெயரிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அமெரிக்க நாணய ஆய்வாளர் ஷெல்டன் 1949-இல் வகுத்த எழுபது புள்ளி அளவுகோலிலும் 60-இலிருந்துதான் புழங்காதது. 60 வாங்கிய காசில் பைத்தழும்பு மண்டிக் கிடக்கலாம், அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு பென்னியைத் தமிழில் விற்பனைக்கு வைப்பவர் இப்படி எழுதினால் வாங்குபவருக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடும்: ‘பென்னி, 1919, கேஎன். புழங்காதது. அச்சு மெருகு பாதிக்குமேல் நிற்கிறது, மீதி பழுப்பு. பிரிட்டானியாவின் மார்பில் அச்சு மங்கல், தேய்மானமில்லை. அரசர் கழுத்தில் ஒரு பைத்தழும்பு. கழுவியதில்லை.’