ஓட்டில் கொத்து விழுந்த பிறகு

கோழி அடைகாத்தால் நமக்குக் கவலை கிடையாது. வைக்கோல் போட்ட கூடையில் முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, அடைக்கோழியைத் தூக்கி உட்கார வைத்தால் போதும். 21-ஆம் நாள் குஞ்சுகளோடு அதுவே இறங்கி வரும். முட்டை பொரிக்க வைக்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரில் கதை வேறு. கண்ணாடி வழியாக எல்லாம் தெரிகிறது, தெரிவதுதான் தொல்லையே. ஓட்டில் முதல் கொத்து விழுந்து சின்ன விரிசல் கண்ட நேரத்திலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. ஆறு மணி நேரம் போகும், பத்து மணி நேரம் போகும், விரிசல் அப்படியே நிற்கும். "குஞ்சு செத்துடுச்சுபோல, உடைச்சுப் பாத்துடலாமா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

உடைக்கக் கூடாது. எதுவும் நடக்காததுபோல் தெரியும் அந்த நேரத்தில்தான் உள்ளே மிக முக்கியமான வேலை நடக்கிறது.

முதல் பதினெட்டு நாளும் குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஓட்டின் உட்புறத்தில் ரத்தக் குழாய் வலை ஒன்று பத்துப் பன்னிரண்டு நாளில் முழுக்கப் படர்ந்துவிடும். அந்தத் துளைகள் வழியாக வரும் காற்றை இந்த வலைதான் ரத்தத்தில் சேர்க்கிறது. குஞ்சு பெரிதாகப் பெரிதாக இந்த வழி போதாமல் போய், உள்ளே கரியமில வாயு கூடுகிறது. அதுவே வெளியேறும் நேரம் வந்ததற்கான தூண்டல். பிடரியில் உள்ள ஒரு தசை துடிக்கத் தொடங்கும். முட்டையை விட்டு வெளியேறும் இந்தக் காரியத்துக்காகவே பெருத்து, பிறகு சுருங்கிப்போகும் தசை அது. அலகின் நுனியிலும் கடினமான வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும். முட்டைப் பல் என்று பெயர், சில நாளில் தானே உதிர்ந்துவிடும்.

முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. குஞ்சு முதலில் கிழிப்பது அந்த அறையின் சவ்வைத்தான். அப்போதுதான் அது நுரையீரலால் முதல் மூச்சு விடுகிறது. முட்டையைக் காதருகில் வைத்தால் கீச்சென்று கேட்பதும் அந்தக் கட்டத்தில்தான். காற்றறையில் உள்ள காற்றும் தீரத் தீர, அடுத்த குத்து ஓட்டின் மேல் விழுகிறது. நாம் பார்க்கும் விரிசல் இதுதான்.

அதற்கப்புறம் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை ஓய்வு. ஓய்வு என்று நாம்தான் சொல்கிறோம். ரத்தக் குழாய் வலையில் ஓடிய ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது, மூச்சு முழுவதும் நுரையீரலுக்கு மாறுகிறது, மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்த மஞ்சள் கரு குஞ்சுக்குக் கட்டுச்சோறு. பொரித்த பிறகு இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்குவது அதனால்தான், பண்ணைகளிலிருந்து குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிவதும் அதனால்தான். இது முடியும் முன் நாம் ஓட்டைப் பிய்த்தால் குழாய் அறுந்து ரத்தம் கசியும், அல்லது மஞ்சள் கரு வயிற்றுக்கு வெளியே தொங்கும். அப்படி வந்த குஞ்சு பிழைப்பது அபூர்வம்.

எல்லாம் உள்ளே போனதும் குஞ்சு மெல்லத் திரும்பித் திரும்பி அகன்ற முனையைச் சுற்றி ஓட்டை வெட்டும். காலால் ஒரு உந்து, மூடி கழன்றுவிடும். இந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும்.

சரி, காத்திருப்போம். ஆனால் காத்திருப்பு வீண்போவதற்கு நம் டெல்டாவில் பெரிய காரணம் ஒன்று உண்டு: ஈரப்பதத்துக்காக இன்குபேட்டருக்குள் வைக்கும் தண்ணீர்த் தட்டு. பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். 40 கிராம் நாட்டுக்கோழி முட்டை என்றால் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்குக் காற்றறை பெரிதாகும். இதற்குப் பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும், கடைசி மூன்று நாளுக்கு மட்டும் 65 முதல் 70 வரை. "தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும்" என்ற பொது யோசனையை ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மன்னார்குடியிலோ நாகப்பட்டினத்திலோ பின்பற்றினால் என்ன ஆகும்? வெளியே 28 டிகிரியில் 85 சதவீத ஈரம். அதே காற்றை 37.5 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் தானாகவே 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே கணக்கு சரி. அதன் மேல் தட்டிலும் தண்ணீர் வைத்தால் முட்டை காயாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு ஊதிப்போய் முதல் மூச்சுக்கே இடமில்லாமல் உள்ளேயே மூழ்கும்.

சித்திரை வெயிலில் இது தலைகீழ். பகலில் காற்று காய்ந்திருப்பதால் தட்டு தேவை. கடைசி மூன்று நாளுக்கு எந்த மாதமானாலும் தேவை. அப்போது மூடியைத் திறந்தால் ஈரக் காற்று வெளியேறி, சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். கொத்து விழுந்த முட்டை பாதியில் நிற்பதற்கு அடிக்கடி மூடி திறந்து பார்ப்பதே பல நேரம் காரணம்.

ஈரப்பதம் காட்டும் ஈரமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. ஒரு சின்ன மூடியில் உப்பை வைத்துச் சேறு பதத்துக்கு நனைத்து, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். வேதாரண்யத்துக் கல் உப்பு கையில் இருந்தாலும் இதற்கு வேண்டாம். அதில் மெக்னீசியம் கலந்திருக்கும். சமையல் பொடி உப்பே சரி.

சூட்டைப் பொறுத்தவரை ஃபேன் வைத்த பெட்டிக்கு 37.5 டிகிரி, அதாவது காய்ச்சல் தெர்மாமீட்டரில் 99.5. பலரும் பயப்படுவது கரண்ட் போவதற்கு. உண்மையில் முட்டை குளிரைத் தாங்கும். கோழியே தினமும் இரை பொறுக்க எழுந்து போகிறது. ஒன்றிரண்டு மணி நேரக் கரண்ட் கட்டுக்குப் பெட்டியைப் போர்வையால் மூடினால் போதும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு போல வாரக்கணக்கில் இருண்டு கிடந்தால்தான் கதை வேறு. அப்போது அடைக்கோழியை விட்டால் வழியில்லை. இடி இடித்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்பு போடுகிறோமே, இடி முட்டையை ஒன்றும் செய்யாது, அதோடு வரும் மின்தடைதான் இன்குபேட்டருக்கு வினை. முட்டை தாங்காதது அதிகச் சூடு. தகரக் கூரை வீட்டில் மே மாதப் பகலில் சூடு தரும் பல்ப் அணைந்த பிறகும் பெட்டி 40 டிகிரியைத் தாண்டும். உள்ளே வளர்ந்த குஞ்சுகளும் தம் பங்குக்குச் சூடு விடும். இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அதை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள்.

அரை டிகிரி குறைந்தே ஓடியிருந்தால் பொரிப்பது ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் 21 முடிந்ததும் முட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம், 23 வரை பொறுக்கலாம். பொரித்த குஞ்சு ரோமம் காயும் வரை உள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுத்ததும் முதலில் தண்ணீர், அப்புறம் நொய்.

பொரிக்காமல் நின்றதை வீட்டுக்கு வெளியே உடைத்துப் பாருங்கள். ஈரமாய் ஊதிய குஞ்சு என்றால் தண்ணீர் அதிகம். சவ்வு ஒட்டிக் காய்ந்தது என்றால் ஈரம் குறைவு. ரத்த வளையம் மட்டும் என்றால் முதல் வாரத்திலேயே போனது. ஒன்றுமே இல்லாமல் தெளிந்திருந்தால் கரு கூடாத கூமுட்டை. எல்லா முட்டையும் இந்தக் கடைசி ரகம் என்றால் இன்குபேட்டரைத் திட்டிப் பயனில்லை, சேவலைத்தான் மாற்ற வேண்டும்.