கரிஸ்மாட்டிக் என்றால் கைதட்டுவதா?

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சபையைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது சாதாரண சபையா, கரிஸ்மாட்டிக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டிரம்ஸ், கைதட்டல், அந்நியபாஷை (ஆவியின் ஏவலால், கற்றுக்கொள்ளாத மொழியில் பேசுவது) இருந்தால் கரிஸ்மாட்டிக், அவ்வளவுதான் கணக்கு. 1895லேயே இங்கே மிஷன் வேலை தொடங்கிய லுத்தரன் சபையில் வளர்ந்த நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சொல் கிரேக்கம். 'காரிஸ்' என்றால் கிருபை, அந்தக் கிருபையால் கிடைத்தது 'காரிஸ்மா'. புதிய ஏற்பாட்டில் 17 முறை வருகிறது. 16 முறை பவுலின் நிருபங்களில், ஒரு முறை பேதுருவின் முதல் நிருபத்தில். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ..." என்று ரோமர் 6:23, அந்தக் கிருபைவரம்தான் காரிஸ்மா! அங்கே பவுல் அந்தச் சொல்லால் குறிப்பது நித்தியஜீவனை. ரோமர் 12இல் தானம் கொடுப்பதும் இரக்கம் காட்டுவதும்கூட இதே பட்டியலில் வருகின்றன.

பொருள் சுருங்கியது போன நூற்றாண்டில். 1960இல் கலிபோர்னியாவில் டென்னிஸ் பென்னட் என்ற எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) குருவானவர், தான் அந்நியபாஷை பேசுவதைத் தன் சபையாரிடமே சொன்னார். 1967இல் அமெரிக்கக் கத்தோலிக்கரிடமும் இது பரவியது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகாமல் பழைய சபையிலேயே இருந்துகொண்டு இந்த அனுபவத்தைத் தேடியவர்களுக்குக் கரிஸ்மாட்டிக் என்ற பெயர் நிலைத்தது.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஆல்ஃபா வகுப்பு நடத்தலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977இல் புது விசுவாசிகளுக்காகத் தொடங்கியது அது. 1990இல் பொறுப்பெடுத்த நிக்கி கம்பெல், சபைக்கே வராதவர்களுக்கான சுவிசேஷ முறையாக அதை மாற்றினார். முதலில் சாப்பாடு, அப்புறம் ஒரு பேச்சு, அப்புறம் சின்னக் குழுவாக உட்கார்ந்து கேள்வி. எந்தக் கேள்வியும் கேட்கலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். இது எனக்கு மனசார பிடித்திருக்கிறது, ஏனென்றால் நம் சுவிசேஷக் கூட்டங்களில் மைக் ஒருத்தர் கையில்தான் இருக்கும், கேட்க வந்தவன் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் இயேசு ஏன் மரித்தார் என்பதற்கு ஒரே ஒரு வகுப்பு. பரிசுத்த ஆவியானவருக்கோ வெளியூர் போய்த் தங்கும் ஒரு வார இறுதி முழுக்க. ஆவியானவரால் நிரப்பப்பட ஜெபிப்பதும் அந்நியபாஷை பற்றிய போதனையும் அங்கேதான். கரிஸ்மாட்டிக் சாய்வு என்று சொல்வது இதைத்தான், அந்தச் சாய்வு எனக்குக் கவலை. வேறொரு ஜெப முகாமுக்குப் போய்விட்டு வந்த எங்கள் தெருப் பையன் ஒருவன், "எல்லாருக்கும் பாஷை வந்துச்சுண்ணா, எனக்கு மட்டும் வரலை, நான் ரட்சிக்கப்படலையா?" என்று கேட்டபோது அவன் கை நடுங்கியது. 1 கொரிந்தியர் 12:30ஐத் திறந்து அவனையே வாசிக்கச் சொன்னேன்: "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" இரண்டு தடவை வாசித்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு 'வரம்' என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் நம் காதில் வரம் என்றால் தவம் இருந்து கேட்டு வாங்குவது; அந்தப் பையனும் தன் தவம் போதவில்லை என்றுதான் நினைத்தான். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'அருள்கொடை' என்கிறது. நான் இதையே எடுத்துக்கொள்வேன். கொடை என்றால் என்னவென்று பழைய தகடூர் நாட்டுக்காரர்களான எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நெல்லிக்கனியின் பலனைச் சொல்லாமலே ஔவையிடம் நீட்டிய அதியமான் ஊர் இது.

பேதுரு இன்னொரு சொல் வைத்திருக்கிறார். பெற்ற வரத்தைப் பகிர்ந்து கொடுப்பவரை 1 பேதுரு 4:10இல் 'உக்கிராணக்காரர்' என்கிறது தமிழ் வேதாகமம். தெலுங்கும் கன்னடமும் கலந்த எங்கள் பக்கத்தில் உக்கிராணம் இன்னும் புழங்கும் சொல்தான். கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் டின் அடுக்கிய அறை அது. எங்கள் அத்தை ஒருத்தர் இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார், சமையல்காரர் கேட்கக் கேட்க அளந்து போடுவார். அரிசி அவருடையது இல்லை, கடைசிப் பந்தி வரைக்கும் அவர் சாப்பிடவும் மாட்டார்.

ஆல்ஃபா நடத்தலாம் என்றுதான் கூட்டத்தில் சொல்லப் போகிறேன். அந்த வார இறுதியில் முதலில் 1 பேதுரு 4:10ஐ வாசிக்க வேண்டும், சிலுவையைப் பற்றிப் பேச இன்னும் இரண்டு மாலைநேரம் ஒதுக்க வேண்டும், பாஷை வரவில்லை என்று யாரும் அழுதுகொண்டே பஸ் ஏறக் கூடாது.