பந்தயக் குதிரையின் தசைநாண் ஆற ஏன் ஓராண்டு ஆகிறது?

பந்தயத்தில் முன்னங்காலின் பின்புறத் தசைநாண் கிழிந்த ஒரு குதிரை, உரிய முதலுதவி கிடைத்தால், சில வாரங்களிலேயே நொண்டாமல் நடக்கத் தொடங்கிவிடும். வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்கும், தொட்டால் சூடு தெரியாது, தீவனத்தை வழக்கம்போலத் தின்னும், அடைபட்டிருக்கப் பிடிக்காமல் லாயத்தின் கதவை உதைக்கவும் செய்யும். ஆனால் அதே தசைநாண் மீண்டும் பந்தய வேகத்தைத் தாங்கும் நிலைக்கு வர 9 முதல் 12 மாதங்கள், சில குதிரைகளுக்கு அதற்கும் மேல், பிடிக்கும். வலி நின்ற நாளுக்கும் வலிமை திரும்பும் நாளுக்கும் இடைப்பட்ட இந்த நீண்ட காலத்தில் பயிற்சியாளர் எடுக்கும் முடிவுகளே அந்தக் குதிரை மறுபடி ஓடுமா, ஓடினால் பத்திரமாக ஓடுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, எலும்பமைப்பின்படி பார்த்தால், மனிதரின் மணிக்கட்டுக்கு இணையானது. அதற்குக் கீழே இருப்பது நீண்டு தடித்த ஒற்றை நடுவிரல். குளம்பு அந்த விரலின் நகம். மணிக்கட்டுக்குக் கீழே இயக்கத்துக்குப் பயன்படும் தசை ஏறத்தாழ இல்லை. தசைகள் யாவும் மேலே உடலை ஒட்டி அமைந்திருக்க, அவற்றின் இழுவிசையைக் கீழே கொண்டு சேர்ப்பவை நீண்ட தசைநாண்களே. கால் நுனியில் எடை குறைவாக இருப்பதால்தான் இவ்வளவு பெரிய விலங்கால் காலை இத்தனை விரைவாக வீச முடிகிறது. வேகத்துக்குக் காரணமான இந்த அமைப்பே காயத்துக்கும் காரணமாகிறது.

அவற்றுள் அதிகம் கிழிவது, காலின் பின்புறத்தில் தோலுக்கு அடுத்தாற்போல் ஓடும் மேலடுக்கு மடக்குத் தசைநாண். கொலாஜன் என்னும் புரதத்தின் நுண்ணிழைகள் கற்றைகளாகி, அந்தக் கற்றைகள் மேலும் பெரிய கற்றைகளாகி, தேங்காய் நார்க் கயிற்றைப்போல் படிப்படியாகத் தடித்து உருவான உறுப்பு இது. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு முன்னங்காலும் தரையில் ஊன்றும் கணத்தில், ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள குதிரையின் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு விசை அந்த ஒரே காலின் மீது இறங்குகிறது. அப்போது தசைநாண் நீண்டு ஆற்றலைச் சேமித்து, கால் தரையை விட்டு எழும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறது. முழு வேகத்தில் இது தன் இயல்பான நீளத்தில் சுமார் 16 விழுக்காடு வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் இழுத்துச் சோதிக்கும்போது தசைநாண் அறுந்துபோகும் எல்லையும் இதற்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஆக, பந்தயக் குதிரை ஒவ்வொரு முறை முழு வேகம் எடுக்கும்போதும் அதன் தசைநாண் முறிவு எல்லையை ஒட்டியே வேலை செய்கிறது. களைப்பு, சீரற்ற தரை, ஒரு தப்படி என எதுவும் அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடலாம்.

வெப்பமும் சேர்ந்து கொள்கிறது. சேமித்த ஆற்றல் முழுவதும் இயக்கமாகத் திரும்புவதில்லை. ஒரு சிறு பங்கு வெப்பமாக மாறுகிறது. தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அந்த வெப்பம் எளிதில் வெளியேறாமல் நடுப்பகுதியில் தேங்குகிறது. 1994ஆம் ஆண்டு வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, பாய்ந்தோடும் குதிரையின் தசைநாண் மையத்தில் 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறுவதைக் காட்டியது. பெரும்பாலான கிழிசல்கள் நடுப்பகுதியிலேயே தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. வெளியே வீக்கமாகத் தெரியும் முன்பே நுண்சேதம் பல மாதங்களாகச் சேர்ந்து வந்திருக்கக்கூடும். நல்ல லாயங்களில் ஒவ்வொரு நாள் காலையிலும் குதிரைகளின் முன்னங்கால்களை மேலிருந்து கீழாக விரல்களால் தடவிப் பார்ப்பது இதனால்தான். இரு கால்களுக்கும் இடையே சற்றே சூடு வேறுபட்டாலும், ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருந்தாலும், அன்றைய ஓட்டம் நிறுத்தப்படும்.

கிழிந்த முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை எளியவை: குளிர்ந்த நீர் அல்லது பனிக்கட்டி ஒத்தடம், அழுத்தமான கட்டு, அழற்சியைக் குறைக்கும் மருந்து, லாயத்துக்குள் முழு ஓய்வு. சேதத்தின் அளவைக் காண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். கிழிசல் முதல் சில நாட்களில் மேலும் பெரிதாகக்கூடும் என்பதால், ஒரு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேனே சரியான படத்தைத் தரும். முதல் நாளே ஸ்கேன் பார்த்து "சிறிய காயம்தான்" என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

அழற்சி அடங்கியதும் உடல் அந்த இடத்தை மூன்றாம் வகைக் கொலாஜனைக் கொண்டு அவசரமாக நிரப்புகிறது. இந்த இழைகள் மெல்லியவை, தாறுமாறாகப் பின்னிக் கிடப்பவை. பல மாதங்களில்தான் இவற்றின் இடத்தில் வலிமையான முதலாம் வகைக் கொலாஜன் மெல்ல மெல்லச் சேர்ந்து, விசை செல்லும் திசையில் ஒழுங்காக அமைகிறது. அப்படி அமைய, விசை இருந்தாக வேண்டும். அசையாமல் கிடக்கும் தசைநாணின் வடு, எந்தத் திசையில் வலுப்பெற வேண்டும் என்பதை அறிய வழியில்லாமல் ஒழுங்கற்றே இறுகிவிடும். விசை அளவு மீறினாலோ புதிய இழைகள் மறுபடி கிழியும். எனவே கால்நடை மருத்துவரும் பயிற்சியாளரும் ஓய்வை மருந்தைப்போல் அளந்து கொடுக்கிறார்கள். கயிற்றில் பிடித்து ஒரு நாளைக்கு 5 அல்லது 10 நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, மூன்று மாதங்களில் 40 நிமிடத்துக்கு மேல் கொண்டு செல்வது வழக்கமான முறை. அதன் பிறகே சில நிமிடச் சிறு ஓட்டம். ஆறு மாதம் கடந்த பின்னரே மெதுவான பாய்ச்சல். முழு வேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஸ்கேன் எடுத்து, தசைநாணின் குறுக்குப் பரப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால், பயிற்சி அதிகமாகிவிட்டது என்று கொண்டு ஒரு படி பின்வாங்குவார்கள். நீச்சலை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் உண்டு. நீந்தும்போது இதயமும் நுரையீரலும் நன்றாக உழைக்கும். ஆனால் கால் தரையில் ஊன்றாததால் தசைநாணுக்குத் தேவையான அந்தச் சிறு விசை கிடைக்காது.

எவ்வளவு நன்றாக ஆறினாலும் வடு பழைய தசைநாண் ஆகிவிடாது. அது விறைப்பானது, குறைவாகவே நீளும். அதனால் அதன் மேலும் கீழும் உள்ள நல்ல பகுதிகள் கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது. மறு காயம் பல நேரங்களில் அங்கேதான் ஏற்படுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கத் தேடிய வழிகள் பல. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் கோடு கோடாகச் சூடு போடுவது நூற்றாண்டுகளாக நடந்து வந்தது. 1983இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்து, சூடு தசைநாண் ஆறுவதற்கு உதவவில்லை என்று காட்டினார்கள். சூடுபட்ட குதிரை தேறியதென்றால், அதற்குப் பிறகு கட்டாயமாகக் கிடைத்த நீண்ட ஓய்வே அதைத் தேற்றியிருக்க வேண்டும். அந்த ஓய்வைச் சூடில்லாமலே கொடுத்திருக்கலாம் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. இப்போது மார்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்துப் பெருக்கி, கிழிசலுக்குள் ஊசி வழியே செலுத்தும் முறை இருக்கிறது. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் ரோஜர் ஸ்மித்தின் குழு வளர்த்தெடுத்த இந்த முறையில் மறு காய விகிதம் குறைந்திருப்பதாக 2012இல் வெளியான முடிவுகள் கூறின. ஆனால் அந்தக் குதிரைகளும் ஓராண்டு அளந்த பயிற்சியைத் தவிர்க்கவில்லை.

எலும்பின் கதை வேறு. மிகையான சுமையால் நுண்விரிசல் கண்ட எலும்பைச் சீர்செய்ய, உடல் முதலில் சேதமான பகுதியை அரித்தெடுத்துவிட்டுப் பிறகே புதிய எலும்பை நிரப்புகிறது. அரித்தல் வாரங்களில் முடியும். நிரப்புதலுக்கு மாதங்கள் ஆகும். ஓய்வில் இருக்கும் குதிரையில் இந்த அரிப்பு வேகமெடுப்பதால், இரண்டு மாத ஓய்வு முடிந்து துள்ளலோடு திரும்பும் குதிரையின் எலும்பு சில இடங்களில் முன்னைவிட நுண்துளைகள் மிகுந்து காணப்படும். கலிபோர்னியாவில் நடந்த ஆய்வுகள், முன்னங்காலின் மேற்பகுதியில் உள்ள மேற்கை எலும்பு முழுவதுமாக முறியும் விபத்துகள் இப்படி ஓய்விலிருந்து திரும்பும் காலத்தோடு தொடர்புடையவை என்று காட்டின. ஓய்வு கொடுத்த பயிற்சியாளர் பாதிக் கடமையையே முடித்திருக்கிறார். திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மீதிப் பாதி.

முறிவு பெரிதானால் ஓய்வு என்பதே சிக்கலாகிறது. 2006 மே மாதம் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் வலப் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற குதிரைக்குப் பென்சில்வேனியாவில் நடந்த அறுவை சிகிச்சை நன்றாகவே அமைந்தது. ஆனால் குதிரையால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது. ஒரு காலைக் காக்க மற்றக் காலில் எடையைச் சாய்த்து நின்றதில், அந்தக் காலின் குளம்பை உள்ளெலும்போடு பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் சிதைந்தன. 2007 ஜனவரி 29 அன்று பார்பரோ கருணைக் கொலை செய்யப்பட்டது.

இத்தனையும் தெரிந்திருந்தும் குதிரைகள் அவசரமாகத் திரும்ப அழைக்கப்படுவதன் காரணம் விளங்காத ஒன்றல்ல. லாயத்தில் நிற்கும் குதிரைக்கும் மாதச் செலவு உண்டு. பெரிய பந்தயங்களின் தேதிகள் யாருக்காகவும் நகர்வதில்லை. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் குதிரை சீராக நடக்கும். வலியை மறைப்பது காயத்தை ஆற்றுவது ஆகாது, அதைக் கண்டறியும் ஒரே அடையாளத்தை அழிப்பதுதான் என்பதால், அமெரிக்காவில் 2023இல் நடைமுறைக்கு வந்த தேசிய மருந்து விதிகள், மூட்டில் ஊசி போட்ட குதிரை 14 நாட்களுக்குப் பந்தயத்தில் ஓடக் கூடாது என்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையில் 2020ஆம் ஆண்டு ஆந்தனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து இறந்த பிறகு, வெளிநாடுகளிலிருந்து வரும் குதிரைகளுக்குச் சிடி ஸ்கேன் கட்டாயமாக்கப்பட்டது. இந்த விதிகளுக்குக் கிளம்பிய எதிர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை. பேசத் தெரியாத விலங்கின் சார்பில் யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

பொறுமை எப்போதும் வெற்றியைத் தந்துவிடுவதில்லை. இங்கிலாந்தின் பால் நிக்கல்ஸ் பயிற்றுவித்த பிக் பக்ஸ், தடை தாண்டும் பந்தயங்களில் தொடர்ந்து 18 வெற்றிகள் கண்ட குதிரை. செல்டனமில் வேர்ல்ட் ஹர்டில் பந்தயத்தை 2009 முதல் 2012 வரை நான்கு முறை வென்றது. 2012 டிசம்பரில் தசைநாணில் காயம் தெரிந்ததும், ஐந்தாவது பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும், அந்தப் பருவத்தையே நிக்கல்ஸ் கைவிட்டார். சுமார் 14 மாதங்கள் கழித்து, 2014 ஜனவரியில், அது மீண்டும் களமிறங்கி மூன்றாவதாக வந்தது. மார்ச்சில் வேர்ல்ட் ஹர்டிலில் ஐந்தாவது இடமே கிடைத்தது. அப்போது அதற்கு வயது 11. இன்னொரு பந்தயம் தேடாமல், அன்றைய தினமே அதற்கு நிரந்தர ஓய்வு அறிவிக்கப்பட்டது.